குடும்ப ஜெபத்தை எங்கே தொடங்குவது?

கல்யாணமாகி ஏழெட்டு மாதமான ஒரு தம்பி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, கல்யாணத்தன்னைக்கு ஐயர் குடுத்த பைபிள் இன்னும் ஷோகேஸ்லதான் இருக்கு. ஜெபம் ஆரம்பிக்கணும்னு ரெண்டு பேருக்குமே ஆசை. ஆனா முதல்ல எப்படி உக்காருறதுன்னே தெரியலை" என்றார். (சபைப் போதகரைத் திருநெல்வேலிப் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம்.) அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. தனியாக ஜெபிப்பவருக்கும்கூட, கட்டின மனைவி முன்னால் வாய் திறந்து "ஆண்டவரே" என்று சொல்ல முதல் நாள் நாக்கு எழும்பாது. சபையில் நூறு பேர் நடுவில் சேர்ந்து சொல்லும்போது வராத கூச்சம், வீட்டில் இரண்டே பேராக உட்கார்ந்தால் வந்துவிடும்.

அவருக்குச் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். புதிதாகக் குடும்பம் தொடங்கியவர்கள், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள், சின்ன வயதில் பாட்டி வீட்டில் ஜெபித்துவிட்டு இடையில் விட்டுப்போனவர்கள் எல்லாருக்கும் இது உதவலாம். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவன், அதனால் என் பேச்சில் அந்த வாசனை இருக்கும். கத்தோலிக்கக் குடும்பங்களில் மாலை செபமாலை இந்த இடத்தில் இருக்கும். பெந்தெகொஸ்தே வீடுகளில் பாட்டும் ஸ்தோத்திரமும் இன்னும் கூடுதலாக இருக்கும். உங்கள் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் நேரம்

நேரத்தைக் கடிகாரத்தில் தேடாதீர்கள். வீட்டில் ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு அதைக் கட்டிவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது இரவுச் சாப்பாடு. எட்டு மணிக்கு ஜெபம் என்று வைத்தால் பஸ் தாமதமான அன்றே உடைந்துவிடும். தட்டு வைப்பதற்கு முன் ஜெபம் என்று வைத்தால், சாப்பிடாமல் யாரும் படுக்கப்போவதில்லை, ஜெபமும் தப்பிக்காது.

சாப்பிட்ட பிறகு வைக்கலாமா என்று கேட்பார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வேண்டாம் என்பேன். வயிறு நிறைந்ததும் பிள்ளை சாய்ந்துவிடும், அதைத் தட்டி எழுப்புவோம், அது அழும். நாளடைவில் அந்தப் பிள்ளையின் மனதில் ஜெபம் என்றால் தூக்கத்தில் விழுந்த அடி என்று பதிந்துவிடும். சாப்பாட்டுக்கு முன் என்றால் இன்னொரு நன்மையும் இருக்கிறது. பசி இருப்பதால் யாரும் நீட்டி முழக்க மாட்டார்கள்.

இடம் எதுவானாலும் சரி. ஒரு பாயை விரித்து எல்லாரும் தரையில் உட்காருவது எனக்குப் பிடிக்கும், பெரியவரும் சிறியவரும் ஒரே உயரத்தில் இருப்பார்கள். முட்டிவலி உள்ள அம்மாவுக்கு நாற்காலி போட்டுவிடுங்கள். டிவியை அணையுங்கள். போன்களை வேறு அறையில் வையுங்கள். போனில்தான் வேதம் வாசிக்கிறேன் என்பவர்கள்கூட வீட்டு ஜெபத்துக்கு மட்டும் அச்சுப் புத்தகத்தை எடுங்கள். நீங்கள் வசனத்தைத்தான் பார்க்கிறீர்களா, வாட்ஸ்அப்பைத்தான் பார்க்கிறீர்களா என்று எதிரே இருக்கிற பிள்ளைக்குத் தெரியாது.

முதல் வாரம் பத்து நிமிடம் போதும்

எங்கள் வீட்டில் ஒரு கீர்த்தனையின் பல்லவியும் ஒரு சரணமும் பாடுவோம். குரல் நன்றாக இல்லையே என்ற கவலை வேண்டாம். கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து கீர்த்தனைகள் வீட்டிலும் வயல்வரப்பிலும் ஆர்மோனியம் இல்லாமலேயே பாடப்பட்டு வந்தவைதான். பாட்டு முடிந்ததும் பத்து வசனம் வாசிப்பு. அப்புறம் ஆளுக்கு ஒரு நன்றி. ஒருவர் சுருக்கமாக ஜெபிப்பார். எல்லாரும் சேர்ந்து "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" சொல்லி, "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் கிருபையும்" என்று தொடங்கும் ஆசீர்வாதத்தோடு முடிப்போம். முடிந்ததும் ஒருவருக்கொருவர் "ஸ்தோத்திரம்" சொல்லிக்கொள்வோம்.

முதல் வாரத்தில் இதுவும் அதிகமாகத் தெரிந்தால், ஒரு சங்கீதமும் (வேதத்தின் சங்கீத புத்தகத்திலுள்ள ஒரு பாடல்), "பரமண்டலங்களிலிருக்கிற" என்று தொடங்கும் கர்த்தருடைய ஜெபமும் போதும். கர்த்தருடைய ஜெபத்தில் உங்கள் சொந்த வார்த்தை எதுவும் தேவையில்லை, கூச்சம் உள்ளவருக்கு அது பெரிய உதவி. 121, 127, 128, 133 ஆகிய சங்கீதங்கள் சிறியவை, குடும்பத்துக்கு நெருக்கமானவை. 133க்கு மூன்றே வசனம்.

பிரசங்கம் மட்டும் வேண்டாம். வாசித்த பகுதியை வைத்து வீட்டுத் தலைவர் கால்மணி நேரம் விளக்கம் சொல்லத் தொடங்கினால், இரண்டாம் வாரமே பிள்ளைக்கு ஜெப நேரத்தில் வீட்டுப்பாடம் ஞாபகம் வரும்.

எதை வாசிப்பது

ஆதியாகமத்தில் தொடங்கி, உற்சாகமாகப் போய், லேவியராகமத்தின் பலி விதிகளில் நின்றுபோன குடும்பங்கள் ஏராளம். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரம். ஒரு நாளைக்குப் பத்து வசனம் என்றால் ஏறக்குறைய இரண்டேகால் மாதத்தில் முடிந்துவிடும். நிகழ்ச்சிகள் வேகமாக நகரும். ஆண்டவர் படகில் தூங்குவார், பிள்ளைகளை அணைத்துக்கொள்வார், கோபப்படுவார். பிள்ளைகள் கேட்பார்கள். மாற்கு முடிந்ததும் ரூத், அதற்குப் பிறகு லூக்கா. ஒவ்வொரு சுவிசேஷத்துக்கு இடையிலும் ஒரு பழைய ஏற்பாட்டுக் கதை என்று போகலாம்.

வேதத்தின் மொழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல் அச்சாகி வெளிவந்தது. நம்மில் பலர் மனப்பாடம் செய்த பழைய மொழிபெயர்ப்பு, 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவரும் அவரோடிருந்த குழுவும் திருத்தி எடுத்தது. அதன் ஓசை எனக்கு உயிர். ஆனால் "பிரவேசித்து", "அஸ்தமிக்கிறதற்கு முன்னாக" போன்ற சொற்களில் ஆறாம் வகுப்புப் பிள்ளை தடுக்கி விழும், புதிதாக விசுவாசத்துக்கு வந்த பெரியவரும் விழுவார். அதற்காக வெட்கப்பட ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டு வழக்கம் இது: ஒருவர் வாசிப்பார், இன்னொருவர் அதையே வீட்டுப் பேச்சில் திரும்பச் சொல்வார். சொல்பவர் பெரும்பாலும் எங்கள் சின்னவள். அவள் சொல்லும்போது இடையில் தப்பு வரும், சிரிப்பும் வரும். கதை மட்டும் மறக்காது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பல கடினச் சொற்கள் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

பெரியவர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து கற்றுக்கொள்வது நமக்குப் புதிதல்ல. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் எழுத்தைப் படித்தார்.

சத்தமாக ஜெபிப்பது

மூன்று வாக்கியம் போதும். ஒன்று நன்றி, ஒன்று மன்னிப்பு, ஒன்று வேண்டுதல். "ஆண்டவரே, இன்னைக்கு மழையில நனையாம வீட்டுக்கு வந்துட்டோம், நன்றி. காலையில அவசரத்துல எரிஞ்சு விழுந்துட்டேன், மன்னியும். நாளைக்கு அம்மாவுக்கு ஸ்கேன் இருக்கு, கூட இரும்." இதைவிடப் பெரிய ஜெபம் வீட்டுக்குத் தேவையில்லை. மேடையில் கேட்ட குரலையும் சொற்களையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். உங்கள் குரல் வீட்டாருக்குத் தெரியும். அது மாறியதும் அவர்கள் காது அடைத்துக்கொள்ளும்.

ஒரு தப்பை மட்டும் செய்யாதீர்கள், நான் செய்திருக்கிறேன். பெரியவளுக்கு அப்போது ஒன்பது வயது. கணக்குப் பரிட்சையில் மதிப்பெண் குறைந்திருந்தது. அன்று இரவு ஜெபத்தில், "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குப் படிப்பில் கவனத்தையும் பொறுப்பையும் கொடும், போனைத் தொடாத புத்தியைக் கொடும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் அவள் அழுதுகொண்டிருந்தாள். "அப்பா, திட்டணும்னா என்கிட்ட திட்டுங்க. ஆண்டவர்கிட்ட ஏன் கோள் சொல்றீங்க?" என்றாள். அதற்குப் பிறகு பிள்ளைகளின் குறையை ஜெபத்தில் சொல்வதை அடியோடு விட்டுவிட்டேன். வீட்டில் யாருடைய தப்பையும் அவர்கள் காதுபட ஆண்டவரிடம் சொல்லாதீர்கள், அது ஜெபத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்ட ஏச்சு. தங்கள் தப்பை அவர்களே சொல்லட்டும். நீங்கள் உங்களுடையதைச் சொல்லுங்கள்.

மன்னிப்பு கேட்பது

குடும்ப ஜெபம் நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான் என்பது என் அனுபவம். நேரம் தவறினால் சரிசெய்யலாம், வாசிப்பு தடுமாறினால் சரிசெய்யலாம். பேசாமல் இருக்கிற இரண்டு பேர் ஒரே பாயில் உட்கார்ந்து பாடினால், அந்தப் பாட்டைப் பிள்ளைகள் நம்புவதில்லை.

ஒரு நாள் கரண்ட் பில் கட்ட மறந்ததைச் சாக்காக வைத்து மனைவியிடம் கத்திவிட்டேன். உண்மையில் அன்று அலுவலகத்தில் எனக்கு நடந்தது வேறு, எரிச்சலைக் கொட்டியது வீட்டில். எட்டரை மணிக்கு வழக்கம்போலப் பாய் விரித்தோம். நான் பாட்டைத் தொடங்கினேன். பிள்ளைகள் பாடினார்கள், அவள் பாடவில்லை. வாசிப்பு முடிந்தது. "நீங்களே ஜெபம் பண்ணுங்க, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். நான் கண்ணை மூடினேன். "அன்பின் பரலோகப் பிதாவே" என்பதற்கு அப்புறம் ஒரு வார்த்தையும் வரவில்லை.

காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முன்பு போய் சகோதரனோடே ஒப்புரவாகு என்று ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் சொல்கிறார். அந்த வசனத்தைப் பக்கத்து வீட்டுக்காரரோடு வருகிற சண்டைக்கானது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்று வேதத்தை மூடி வைத்துவிட்டு, பிள்ளைகள் முன்னாலேயே "நான் கத்தியது தப்பு. பில் ஒரு காரணமே இல்லை. ஆபீஸ் கோபத்தை உன் மேல காட்டிட்டேன். மன்னிச்சிரு" என்றேன். அவள் உடனே சிரித்துவிடவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னாள். கர்த்தருடைய ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடம் வந்தபோதுதான் அவள் குரல் கேட்டது.

கணவன்மார் மனைவிக்குக் கனம் கொடுக்காவிட்டால் அவர்களுடைய ஜெபத்துக்கே தடை வரும் என்று பேதுரு முதலாம் நிருபத்தில் எழுதுகிறார். எனக்கு அது எச்சரிக்கையாக மட்டும் படவில்லை. அன்று என் தொண்டையில் நடந்ததை அப்படியே எழுதியிருக்கிறார்.

எப்படிக் கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செய்ததைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "ஏதாவது மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சிரு" என்பது மன்னிப்பு கேட்பதில் சேராது. "ஆனா நீயும்தான்" என்ற வாலை ஒட்டாதீர்கள். பதிலுக்கு அவர்களும் மன்னிப்பு கேட்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மனம் இளகவில்லை என்றால் நேரம் கொடுங்கள். "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்று பவுல் சொன்னது, எரிச்சல் கொண்டவர் தன்னைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டியது. எதிரே இருப்பவரை அவசரப்படுத்த அதைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது. பிள்ளைகளிடமும் மன்னிப்பு கேளுங்கள். அப்பா கேட்டால் மரியாதை குறைந்துவிடும் என்று என் அப்பா காலத்தில் நினைத்தார்கள். எங்கள் வீட்டில் அப்படி எதுவும் குறையவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மன்னிப்பதும் அடிவாங்கிக்கொண்டு இருப்பதும் ஒன்றல்ல. வீட்டில் கை ஓங்குகிறவர் இருந்தால், "ஜெபம் பண்ணும்மா, எல்லாம் சரியாயிரும்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது பாவம் என்றே நினைக்கிறேன். ஜெபியுங்கள், கூடவே நம்பிக்கையான ஒருவரிடம் வெளியே சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, பிள்ளைகளுக்கு 1098. இந்த எண்களைக் கூப்பிடுவது விசுவாசக் குறைவு ஆகாது.

பரிசுத்தம் அடுப்படியிலும் பர்சிலும்

பரிசுத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே வெள்ளை உடுப்பும் உபவாசமும்தான் நம் ஞாபகத்துக்கு வரும். லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசியுங்கள். நான் மேலே பயமுறுத்தின அதே புத்தகம்தான், இந்த அதிகாரம் மட்டும் வீட்டில் ஒட்டி வைக்கத் தக்கது. "நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்று தொடங்குகிறது. அடுத்து என்ன வருகிறது? தாய்க்கும் தகப்பனுக்கும் பயந்திரு. வயலின் ஓரத்தை முழுவதும் அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விடு. கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது. செவிடனை நிந்தியாதே. உன்மேல் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூரு. தராசும் படியும் சரியாக இருக்கட்டும். பரிசுத்தம் என்று ஆண்டவர் சொன்னதன் பாதிக்கு மேல் வீட்டு வரவுசெலவுக் கணக்கில் இருக்கிறது.

இதை வீட்டில் எப்படிச் செய்வது? வேலைக்கு வருகிற அக்காவின் சம்பளத்திலிருந்து தொடங்குங்கள். சொன்ன தேதியில், அவர் கேட்கும் முன், பிள்ளையின் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் லீவு எடுத்த நாளுக்குப் பிடிக்காதீர்கள், உங்கள் அலுவலகத்தில் உங்களுக்கும் லீவு இருக்கிறது. அவருக்கென்று ஒரு தனி டம்ளர் உங்கள் அடுப்படியில் இருந்தால், இன்றைக்கே அதை மற்ற டம்ளர்களோடு கலந்துவிடுங்கள். ஒரே அப்பத்தில், ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறவர்கள் நாம். சாதி நம் சபைக்குள்ளும் கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் கல்யாணப் பேச்சுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருப்பது எல்லாருக்கும் தெரியும். "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை" என்று வாசித்துவிட்டு, பெண் பார்க்கும்போது "நம்ம ஆளுங்களா?" என்று கேட்கிற வீட்டில் வளர்கிற பிள்ளை, எந்த வசனத்தையும் முழுதாக நம்பாது.

வரதட்சணையும் அப்படித்தான். 1961இலேயே சட்டம் தடுத்துவிட்டது. "நாங்க கேக்கல, அவங்க பிள்ளைக்கு அவங்க செய்யிறாங்க" என்ற வாக்கியத்தைச் சபைக்குள் நான் கேட்காத வருடம் இல்லை. புதிதாகக் கல்யாணமானவர்கள் வாங்கியிருந்தால், இதைப் பற்றி இருவரும் மனம்விட்டுப் பேசுங்கள். திருப்பிக் கொடுக்க வழி இருந்தால் கொடுங்கள். குறைந்தது, மாமனார் வீட்டிலிருந்து தீபாவளிக்கு என்ன வந்தது, கிறிஸ்துமஸுக்கு என்ன வந்தது என்று எண்ணுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

பிள்ளைகளுக்குப் பழக்க எளிமையான ஒன்று கைப்பிடி அரிசி. எங்கள் ஆச்சி உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். மாதக் கடைசியில் அது காணிக்கையாகவோ இல்லாத வீட்டுக்கோ போகும். குக்கரில் சமைக்கிற இன்றைய வீட்டிலும் இதைச் செய்யலாம். ஒரு டப்பாவை வைத்து, அந்தப் பிடியைப் போடுகிற வேலையைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுங்கள். நம் பசிக்கு முன் இன்னொருவர் பசி என்பதை அதன் கையே படித்துக்கொள்ளும்.

பிள்ளைகளோடு தனித்தனியாக

எல்லாரும் சேர்ந்து உட்காருவது ஒரு பக்கம். ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பேசுவது இன்னொரு பக்கம், இதைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். இங்கிலாந்தில் எப்வர்த் என்ற ஊரில் சூசன்னா வெஸ்லி என்ற போதகர் மனைவி இருந்தார். 19 பிள்ளைகளைப் பெற்றவர், அவர்களில் பலர் குழந்தையிலேயே இறந்துபோனார்கள். வீட்டில் கடனும் வறுமையும் இருந்தன. அப்படிப்பட்ட வீட்டில் வாரத்தின் ஒவ்வொரு மாலையையும் ஒரு பிள்ளைக்கென்று ஒதுக்கியிருந்ததாக 1712இல் தன் கணவருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். வியாழக்கிழமை ஜானுக்கு. அந்த ஜான்தான் பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. வளர்ந்து ஆக்ஸ்போர்டில் ஆசிரியரான பிறகும், அந்த வியாழக்கிழமை மாலையை நினைவுபடுத்தி அம்மாவுக்குக் கடிதம் எழுதினார்.

நமக்கு இரண்டு பிள்ளைகள். வாரத்தில் ஒரு மாலை, இருபது நிமிடம், ஒரு பிள்ளையோடு. கடைக்கு நடந்துபோய்த் திரும்பினாலும் போதும். உபாகமம் 6இல் "வழியில் நடக்கிறபோதும்" என்று வருவது இதைத்தான். அப்போது வேதப் பாடம் நடத்தாதீர்கள், பிள்ளை பேசுவதைக் கேளுங்கள். பதினைந்து வயதுப் பையன் "எனக்கு ஜெபத்துல ஒண்ணும் தோணலப்பா" என்று சொன்னால் அதிராதீர்கள். அதை உங்களிடம் சொன்னானே என்று நன்றி சொல்லுங்கள். பாயில் வந்து உட்காரட்டும், வாய் திறக்க வேண்டும் என்று கட்டாயம் வேண்டாம். பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயர் நிருபம் தகப்பன்மாருக்குத்தான் சொல்கிறது.

வீட்டில் ஒருவர் மட்டும் விசுவாசி என்றால்

இப்படிப்பட்ட குடும்பங்கள் பல, அவர்களுக்கென்று யாரும் எழுதுவதில்லை. மாமியார் பூஜை அறையில் விளக்கேற்றுகிறார், நீங்கள் மாடியில் ஜெபிக்கிறீர்கள். அந்த வீட்டில் உங்கள் ஜெபம் சத்தமில்லாமல் இருக்கட்டும். கதவைப் பூட்டி அந்தரங்கத்தில் ஜெபிக்கச் சொன்னவர் ஆண்டவர்தான். கணவரின் தலைமாட்டில் எண்ணெய் தடவுவது, கைப்பிரதியைச் சாப்பாட்டு டப்பாவில் வைப்பது போன்றவை வேண்டாம். "போதனையின்றி" என்று பேதுரு எழுதின சொல்லைக் கவனியுங்கள். நடக்கைதான் பேச வேண்டும் என்கிறார்.

மாமியாரின் கண் ஆபரேஷனுக்கு நீங்கள் கூட இருங்கள். அவர் நம்பிக்கையைக் கேலி செய்யாதீர்கள், பிள்ளைகள் முன்னால் கண்டிப்பாக வேண்டாம். பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்பதைக் கணவனும் மனைவியும் ஒளிவுமறைவில்லாமல் பேசி முடிவு செய்யுங்கள். தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். அவனுடைய விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்து வந்தது என்று பவுல் இருவர் பேரையும் சொல்லி எழுதுகிறார். அந்த வீட்டில் அது எத்தனை வருடம் அமைதியாக நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

தூரத்தில் இருந்தால், நின்றுபோனால்

கணவர் வளைகுடாவில் இருக்கிற வீடுகள் உண்டு. வாரத்தில் இரண்டு நாள் வீடியோ அழைப்பில் சேர்ந்தால் போதும், இந்தியாவில் எட்டு மணி என்றால் துபாயில் ஆறரை. வேலை முடிந்து வருகிற நேரத்தைக் கேட்டு வையுங்கள். இரவு வேலைக்குப் போகிறவர் இருந்தால் ஃபிரிட்ஜ் கதவில் அன்றைய வசனத்தை எழுதி ஒட்டிவிடுங்கள், வீட்டுக்கு வந்து தண்ணீர் எடுக்கும்போது பார்ப்பார். காய்ச்சல் உள்ள நாளும் விருந்தாளி வந்த நாளும் சங்கீதம் 117 வாசியுங்கள். இரண்டே வசனம், வேதத்தில் ஆகச் சிறிய அதிகாரம் அதுதான்.

நடுவில் ஒரு நாள் நின்றுபோகும், ஒரு மாதமும் நின்றுபோகும். அதற்காக உபவாசக் கூட்டம் போட்டு, ஒருவரையொருவர் குற்றம் சொல்லி, புதிய தீர்மானம் எடுத்து என்றெல்லாம் தொடங்காதீர்கள். விட்ட நாட்களுக்குச் சேர்த்து வாசிக்கவும் வேண்டாம். நாடாவை எந்தப் பக்கத்தில் வைத்தீர்களோ அங்கேயே திறவுங்கள்.

எங்கள் வீட்டில் அப்பா இறந்த வருடம் மூன்று மாதம் பாய் விரிக்கவில்லை. யாருக்கும் பாட வரவில்லை. ஒரு நாள் சின்னவள்தான் புத்தகத்தை எடுத்து வந்தாள். நாடா மாற்கு எட்டாம் அதிகாரத்தில் இருந்தது. பெத்சாயிதாவில் ஆண்டவர் ஒரு குருடன் மேல் கைவைக்கிற இடம். அவன் ஏறிட்டுப் பார்த்து, "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்" என்கிறான். ஆண்டவர் மறுபடியும் அவன் கண்களின்மேல் கைவைக்கிறார். அதற்கப்புறம்தான் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. வழக்கம்போல வீட்டுப் பேச்சில் திரும்பச் சொல்லத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தி, "அவருக்கு ஒரு தடவையிலயே சரிபண்ண முடியும்ல, ஏன் ரெண்டு தடவை தொட்டாரு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, அவள் அம்மாவுக்கும் தெரியவில்லை. ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் அன்றைக்குச் சோறு ஆறிப்போயிற்று.